அப்பா அம்மாவின் ரிப்போர்ட்டை எதில் வைப்பது? ஃபைலா, வாட்ஸ்அப்பா, மருத்துவமனைச் செயலியா, ஆபாவா?

வயதான பெற்றோர் இருக்கும் வீடுகளில் பெரும்பாலும் ஒரு ஜவுளிக்கடைக் கட்டைப்பை இருக்கும். பீரோவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். உள்ளே சுருண்டுபோன எக்ஸ்ரே, நான்கைந்து லேப் கவர்கள், மூன்று டாக்டர்களின் சீட்டுகள், பாதி தீர்ந்த மாத்திரை அட்டை ஒன்று. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. ஆறு வருடங்களாக அப்பாவின் இதயமும் அம்மாவின் தைராய்டும் எங்களை மாறி மாறி மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டிருக்கின்றன. அந்தக் காலத்தில் ஃபைல், போன், மருத்துவமனைச் செயலி, மருத்துவப் பதிவுகளை இணைக்கும் மத்திய அரசின் ஆபா (ABHA) எண் என்று நான்கையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டோம்.

நண்பர்கள் பலர் இப்போது இதே இடத்தில் நிற்கிறார்கள். "எல்லாம் ஆன்லைனில் வந்துவிட்டதே, இனி காகிதம் எதற்கு?" என்று ஒருவர் கேட்கிறார். "ஆபா எடுத்தால் நம் நோயெல்லாம் அரசாங்கத்துக்குத் தெரிந்துவிடுமாமே?" என்று இன்னொருவர் பயப்படுகிறார். இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொல்லிவிட முடியாது. எந்த நோய், எந்த வீடு, யார் கூடப் போகிறார்கள் என்பதைப் பொறுத்து பதில் மாறும்.

## எதை வைத்து எடை போடுவது?

முதல் கேள்வி, ராத்திரி 2 மணிக்கு யார் அதைத் திறப்பார் என்பது. மற்ற எல்லாம் இதற்கு அப்புறம்தான். ஒருவருக்குத் திடீரென்று கை கால் இழுத்துக்கொண்டு, வாய் கோணிப்போய் கேஷுவாலிட்டிக்குக் கொண்டு போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டியூட்டி டாக்டர் உடனே கேட்கும் இரண்டு கேள்விகள்: கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்? ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா? மூளையில் அடைத்திருக்கும் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். வார்ஃபரின் போன்ற மாத்திரை எடுப்பவருக்கு அந்த ஊசி ஆபத்தாக முடியலாம். மாத்திரையின் பெயர் தெரியாமல் போனால் அங்கே நிமிடங்கள் வீணாகும்.

இரண்டாவது, மருத்துவமனை மாறினால் பதிவும் கூட வருமா. மூன்றாவது, முழுமையாக இருக்கிறதா. ரிப்போர்ட் மட்டும்தானா, ஸ்கேன் படமும் ஈ.சி.ஜி.யும் சேர்ந்தா. நான்காவது, யார் யார் கண்ணில் படும். ஐந்தாவது, டாக்டர் விளக்குவதற்கு முன்பே நாமே படித்தால் புரியுமா, பயந்துவிடுவோமா. ஆறாவது, தப்பாக எழுதியிருந்தால் திருத்த முடியுமா. இந்த ஆறாவதைப் பெரும்பாலானோர் யோசிப்பதே இல்லை. பணம் கையை விட்டுப் போவது அதில்தான்.

## காகித ஃபைல்

இதைப் பழங்காலத்து வழக்கம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். காகிதத்துக்கு சார்ஜ் வேண்டாம், ஓ.டி.பி. வேண்டாம். எந்த டாக்டரும் மேஜையில் விரித்து 10 நொடியில் புரட்டிவிடுவார். கூட்டமான ஓ.பி.யில் நம் போனை வாங்கி ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்க்கும் பொறுமை எல்லா டாக்டருக்கும் இருக்காது. அவர்களுக்கு நேரமும் இல்லை. சொந்த ஊரில் 30 வருடமாகப் பார்க்கும் டாக்டரிடம் போகிறவருக்கு இன்றும் ஃபைல்தான் வேகமானது.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஈ.சி.ஜி. அச்சாகும் தாள் வெப்பத்தில் கருக்கும் தாள். நாளாக ஆக எழுத்து மங்கும். அப்பாவுக்கு முதல் முறை நெஞ்சு வலி வந்தபோது எடுத்த ஈ.சி.ஜி.யை ஃபைலில் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்தேன். மூன்று வருடம் கழித்து வேறொரு டாக்டர், "பழையது இருக்கா? இந்த மாற்றம் புதுசா, பழசா என்று பார்க்கணும்" என்று கேட்டார். உறையிலிருந்து எடுத்தால் கட்டங்கள் மட்டும் லேசாகத் தெரிந்தன, கோட்டைக் காணவில்லை. அவர் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஈ.சி.ஜி. எடுத்த அன்றைக்கே ஒரு ஜெராக்ஸும் போனில் ஒரு படமும் எடுத்துவிட வேண்டும் என்பது அன்று கற்றது.

தொலைந்துவிட்டால் என்ன செய்வது? உள்நோயாளியாகச் சேர்ந்திருந்தால் வழி இருக்கிறது. 2002-ல் வந்த மருத்துவர் நடத்தை விதிகளின்படி, உள்நோயாளிகளின் பதிவை சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்; நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். வாயால் கேட்டால் "சிஸ்டம் டவுன், நாளைக்கு வாங்க" என்பதோடு போய்விடும். ஆனால் அந்த 3 ஆண்டைக் கடந்துவிட்டால் கிடைக்கும் என்று உறுதியில்லை.

ஃபைலின் மறைமுகச் செலவு, அது ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கும் என்பது. பிள்ளைகள் சென்னையில், ஃபைல் ஊரில். அம்மா கேஷுவாலிட்டியில், ஃபைல் பூட்டிய வீட்டில்.

## போனில் படம், வாட்ஸ்அப், கூகுள் டிரைவ்

செலவே இல்லாமல் எல்லாரும் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பது இதுதான். அண்ணன் ஒரு ஊரில், தங்கை ஒரு ஊரில் இருந்தாலும் ரிப்போர்ட் அரை நிமிடத்தில் எல்லார் கையிலும் இருக்கும். தெரிந்த டாக்டர் ஒருவரிடம் கருத்துக் கேட்கவும் எளிது.

ஆனால் தேடிப் பாருங்கள். போன வருடம் ஆகஸ்டில் எடுத்த கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) எவ்வளவு என்று ஸ்கேன் சென்டரில் கேட்கிறார்கள். குட் மார்னிங் படங்களுக்கும் கல்யாணப் பத்திரிகைகளுக்கும் நடுவில் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். சாய்ந்து எடுத்த படத்தில் தேதி இருக்கும் மூலை வெட்டுப்பட்டிருக்கும். தேதி இல்லாத ரிப்போர்ட் டாக்டருக்கு அநேகமாகப் பயன்படாது.

இரண்டு பழக்கம் இதைச் சரியாக்கும். ஒன்று, படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புவது. படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும், சின்ன எழுத்துகள் கலங்கும். இரண்டு, கோப்பின் பெயரில் வருடம், மாதம், நாள், என்ன பரிசோதனை என்று எழுதுவது. வருடத்தை முதலில் போட்டால் எல்லாம் தானாகவே வரிசையில் நிற்கும்.

எம்.ஆர்.ஐ., சி.டி. ஸ்கேன் விஷயத்தில் இந்த வழி போதாது. ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்து எடுத்த படத்தை வைத்து எந்த ரேடியாலஜிஸ்டும் உறுதியாக எதுவும் சொல்ல மாட்டார். அவர்களுக்கு வேண்டியது குறுவட்டில் கொடுக்கும் மூலக் கோப்பு. அந்தக் குறுவட்டைத் திறக்கும் வசதி இப்போது வரும் மடிக்கணினிகளில் பெரும்பாலும் இருப்பதில்லை. அதனால் ஸ்கேன் எடுத்த வாரத்திலேயே யாரிடமாவது கொடுத்து, உள்ளே இருப்பதை முழுசாக ஒரு பென் டிரைவிலோ கூகுள் டிரைவிலோ ஏற்றிவிடுங்கள்.

இதில் அந்தரங்கமும் எளிதில் கசியும். குடும்பக் குழுவில் 23 பேர் இருப்பார்கள். அத்தையின் கர்ப்பப்பை ஸ்கேன் ரிப்போர்ட் அதில் வரும். மாப்பிள்ளை வீட்டாரும் பார்ப்பார்கள். அத்தையிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ரிப்போர்ட்டுக்கென்று கூடப் போகிறவர்கள் மட்டும் இருக்கும் தனிக் குழு வையுங்கள்.

## மருத்துவமனையின் சொந்தச் செயலி

பெரிய தனியார் மருத்துவமனைகளும் லேப்களும் இப்போது செயலி வழியாகவோ குறுஞ்செய்தி இணைப்பு வழியாகவோ ரிப்போர்ட் அனுப்புகின்றன. ஒரே மருத்துவமனையில் தொடர்ந்து பார்ப்பவருக்கு இதைவிட வசதி கிடையாது. எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாத சராசரி சுகர்) மூன்று வருடமாக எப்படி ஏறி இறங்கியது என்பதைக் கோடாகவே காட்டும். அச்சான ரிப்போர்ட் வாங்குவதற்கென்று இரண்டு பஸ் மாறிப் போக வேண்டியதில்லை. மருந்துச் சீட்டின் கையெழுத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதும் இல்லை.

இதன் இன்னொரு பக்கத்தை நாங்கள் ஒரு சனிக்கிழமை ராத்திரி பார்த்தோம். அம்மாவின் கழுத்தில் இருந்த சின்னக் கட்டியில் ஊசி போட்டு செல் எடுத்திருந்தார்கள். 9.40-க்கு தங்கையின் போனுக்கு அறிவிப்பு வந்தது. திறந்தால், "ஏட்டிபியா ஆஃப் அன்டிடர்மைன்ட் சிக்னிஃபிகன்ஸ், பெதஸ்டா 3" என்று ஒரு வரி. அவள் இணையத்தில் தேடியிருக்கிறாள். 11 மணிக்கு எனக்குப் போன் செய்தபோது குரலே வரவில்லை. "அண்ணா, கேன்சர்னு போட்டிருக்காண்ணா" என்றாள். அப்படி எதுவும் அதில் போட்டிருக்கவில்லை. ஆனால் அந்த ராத்திரி எங்கள் இருவருக்கும் அது அப்படித்தான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அம்மாவிடம் சிரித்துப் பேச முயன்றோம். அம்மா எங்கள் முகத்தைப் பார்த்தே ஏதோ என்று புரிந்துகொண்டு, சாயங்காலம் சாமி அறையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

திங்கள்கிழமை டாக்டர் இரண்டு நிமிடத்தில் விளக்கினார். செல்கள் முழுக்கச் சாதாரணமாகவும் இல்லை, புற்றுநோய் என்று சொல்லும்படியும் இல்லை. இந்த வகையில் பெரும்பாலும் மறுபடி ஒருமுறை எடுத்துப் பார்ப்பது வழக்கம் என்றார். சில மாதம் கழித்து எடுத்தார்கள். தீங்கில்லாத கட்டி என்று வந்தது.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. அமெரிக்காவில் 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதியால், பரிசோதனை முடிவு தயாரானதும் தாமதிக்காமல் நோயாளிக்குத் திறந்துவிட வேண்டியதாயிற்று. டாக்டர் பார்ப்பதற்கு முன்பே நோயாளி பார்த்துவிடும் நிலை அங்கே சாதாரணமாகிவிட்டது. அதைப் பற்றி 8,000-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு 2023-ல் வெளியான ஆய்வு ஒன்றில், 100-ல் ஏறக்குறைய 96 பேர் உடனே தெரிய வேண்டும் என்றே சொன்னார்கள். முடிவு சரியில்லாமல் வந்தவர்களுக்குக் கவலை கூடியது உண்மை. ஆனாலும் அவர்களும் காத்திருப்பதை விரும்பவில்லை. எனக்கு இது முழுக்கப் புரிகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமையை மறுபடி வாழச் சொன்னால் மாட்டேன். ஆனால் ரிப்போர்ட் அங்கே தயாராக இருந்தும் எங்களிடமிருந்து மறைத்து வைத்திருந்தார்கள் என்றால் அதையும் ஏற்க மாட்டேன்.

அதனால் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். பரிசோதனைக்கு எழுதிக் கொடுக்கும்போதே டாக்டரிடம் கேட்டுவிடுவோம்: "இதில் என்னென்ன மாதிரி வர வாய்ப்பு இருக்கு? ராத்திரி வந்தால் யாரைக் கேட்கலாம்?" சதைப் பரிசோதனை, மரபணுப் பரிசோதனை, புற்றுநோய் ஸ்கேன் இவற்றுக்கு இந்தக் கேள்வி கட்டாயம். சுகர், கொழுப்பு, ரத்த எண்ணிக்கை மாதிரியானவற்றுக்கு இவ்வளவு தேவையில்லை. தடித்த எழுத்தில் ஒரு எண் வந்தாலே நோய் என்று ஆகாது. லேபுக்கு லேப் இயல்பான அளவின் எல்லை வேறு என்பதும் நினைவிருக்கட்டும்.

மருத்துவமனைச் செயலியின் பெரிய குறை, அது அந்த மருத்துவமனைக்குள் மட்டும்தான். நான்கு இடத்தில் பார்த்தால் நான்கு செயலி, நான்கு கடவுச்சொல். இடம் மாறினால் பதிவு அங்கேயே நின்றுவிடும். லேப் அனுப்பும் இணைப்புகளில் சில கொஞ்ச நாளில் காலாவதியாகிவிடும். வந்த அன்றே பி.டி.எஃப். ஆக இறக்கி வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

## ஆபா

2021 செப்டம்பர் 27-ல் நாடு முழுவதற்கும் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் கீழ் வரும் 14 இலக்க எண் இது. அதற்கு முந்தைய வருடம் புதுச்சேரி உட்பட 6 யூனியன் பிரதேசங்களில் சோதித்துப் பார்த்தார்கள். இன்று இந்த எண் 70 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு இருக்கிறது. உங்களுக்கே இருக்கலாம். கொரோனா தடுப்பூசிக்கு ஆதாரைக் கொடுத்த பலருக்கு, கேட்காமலேயே அப்போது உருவாக்கிவிட்டார்கள். இப்படித் தொடங்கியதை நான் சரியென்று சொல்ல மாட்டேன். சம்மதத்தை அடிப்படையாகக் கொண்ட ஒரு திட்டம் சம்மதம் கேட்டுத்தான் தொடங்கியிருக்க வேண்டும்.

முதலில் இரண்டு குழப்பங்களைத் தீர்த்துவிடலாம். ஆபா காப்பீட்டு அட்டை அல்ல. 5 லட்சம் ரூபாய் காப்பீடு தரும் ஆயுஷ்மான் அட்டை வேறு, இது வேறு. பெயர் ஒன்றுபோல இருப்பதால், கிராமங்களில் ஆபா அட்டையை லேமினேட் செய்து காப்பீட்டுக்கு என்று வைத்திருக்கிறார்கள். இரண்டாவது, உங்கள் ரிப்போர்ட்டெல்லாம் டெல்லியில் ஒரே பெட்டியில் போய்ச் சேர்வதில்லை. அது எடுத்த மருத்துவமனையின் அல்லது லேபின் கணினியிலேயே இருக்கும். ஆபா எண் என்பது அவற்றைக் கோக்கும் நூல். வேறொரு டாக்டர் பார்க்க விரும்பினால் உங்கள் போனுக்கு அனுமதி கேட்டு வரும். எந்த வகை ஆவணம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எத்தனை நாள் பார்க்கலாம் என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். கொடுத்த அனுமதியைப் பிறகு ரத்தும் செய்யலாம். வடிவமைப்பு என்ற அளவில் இது நல்ல யோசனை.

நடைமுறையில்? ஓ.பி. வரிசையில் உடனே தெரியும் பலன் ஒன்று உண்டு. இந்த வசதி உள்ள மருத்துவமனைகளில் வாசலில் ஒட்டியிருக்கும் க்யூ.ஆர். படத்தை ஸ்கேன் செய்தால் பெயர், வயது, முகவரி போய் டோக்கன் வந்துவிடும். கால் வலிக்க நிற்க வேண்டாம். அப்புறம், எப்போதோ எங்கோ எடுத்த ரிப்போர்ட்டும் இன்று எடுத்ததும் ஒரே திரையில் வருவது நான்கு டாக்டர்களிடம் போகும் நோயாளிக்குப் பெரிய உதவி. பழைய காகிதச் சீட்டுகளையும் நாமே படமெடுத்து ஏற்றி வைக்கலாம்.

ஆனால் நூலில் கோக்க, அந்தப் பக்கமும் மணி இருக்க வேண்டும். நம் தெரு முனை கிளினிக்கில் டாக்டர் கையால் எழுதுகிறார். அவரிடம் இணைக்க ஒன்றுமில்லை. அதனால் பலருக்கும் ஆபா செயலியைத் திறந்தால் காலியாகவே இருக்கிறது. இன்னொன்று, ஓ.டி.பி. போவது ஆதாரில் இருக்கும் எண்ணுக்கு. அப்பாவின் ஆதாரில் 2014-ல் கொடுத்த சிம் எண் இருந்தது. அந்த சிம் ரீசார்ஜ் இல்லாமல் செத்துப் பல வருடம் ஆகிவிட்டது. அதை மாற்ற ஆதார் மையத்துக்கு ஒரு நாள் அலைந்தோம். நடக்க முடியாத பெரியவருக்கு அந்த ஒரு நாள்தான் இந்த இலவசத் திட்டத்தின் நிஜச் செலவு.

ராத்திரி 2 மணிச் சோதனையில் ஆபா தனியாகத் தேறாது. அனுமதி கொடுக்க வேண்டியவர் மயக்கத்தில் இருக்கிறார். போன் அவர் சட்டைப் பையில். பின் நம்பர் அவருக்கு மட்டும் தெரியும்.

## ஒரு பார்வையில்

| | காகித ஃபைல் | போன், வாட்ஸ்அப் | மருத்துவமனைச் செயலி | ஆபா |
|---|---|---|---|---|
| அவசரத்தில் கிடைக்குமா | கையில் இருந்தால் உடனே | கூட வருபவர் போனில் இருந்தால் | கடவுச்சொல் தெரிந்தவர் வேண்டும் | நோயாளியின் போன் வேண்டும் |
| மருத்துவமனை மாறினால் | நாம் தூக்கிப் போக வேண்டும் | கூடவே வரும் | வராது | இரு பக்கமும் இணைந்திருந்தால் வரும் |
| ஸ்கேன் படம், ஈ.சி.ஜி. | ஃபிலிம் நிற்கும், ஈ.சி.ஜி. மங்கும் | தெளிவு குறையும் | அந்த இடத்தில் எடுத்தது மட்டும் | பெரும்பாலும் ரிப்போர்ட் மட்டும் |
| அந்தரங்கம் | வீட்டார் கண்ணில் படும் | எளிதில் பரவும் | போனைத் திறப்பவர் பார்க்கலாம் | வகை பிரித்து அனுமதி தரலாம் |
| மறைமுகச் செலவு | தொலைவது, மங்குவது | தேடும் நேரம் | ஒரே இடத்தில் கட்டுண்டு போவது | ஆதார் எண் அலைச்சல், காலித் திரை |

## தப்பைப் பிடிக்க யார் படிக்கிறார்கள்?

பதிவை நாமே பார்ப்பதில் எனக்குப் பெரிதாகப் படும் நன்மை இது. அமெரிக்காவில் டாக்டர்கள் எழுதிய குறிப்பைப் படித்த 22,000-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டதில், 5-ல் ஒருவர் அதில் தவறு இருந்ததாகச் சொன்னார். 2020-ல் வெளியான ஆய்வு அது.

நம் ஊரில் இந்தத் தவறு காப்பீட்டில் போய் நிற்கிறது. என் சித்தப்பா இதய அடைப்புக்குச் சேர்ந்திருந்தார். அவருக்கு பிரஷர் இருப்பது தெரிந்து 2 வருடம்தான். டிஸ்சார்ஜ் சம்மரியில் 12 வருடம் என்று தட்டச்சாகியிருந்தது. யாரும் கவனிக்கவில்லை. அவர் பாலிசி எடுத்து 5 வருடம் ஆகியிருக்கவில்லை. "பாலிசிக்கு முன்பே இருந்த நோயை மறைத்துவிட்டீர்கள்" என்று க்ளெய்ம் நின்றது. பழைய லேப் ரிப்போர்ட்டுகள், முதல் சீட்டு எல்லாம் தேடி எடுத்து, மருத்துவமனையில் திருத்திய சம்மரி வாங்கிப் போய்ப் பணம் கிடைக்க நாலு மாதம் ஆயிற்று. சித்தி அதற்குள் இரண்டு வளையலை அடகு வைத்திருந்தார்.

2024-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதியை மாற்றியபின், தொடர்ந்து 60 மாதம் பாலிசி ஓடியிருந்தால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, மறைத்ததாகக் காரணம் சொல்லி மறுக்க முடியாது. அந்த 60 மாதம் முடியாதவர்களுக்கு, எத்தனை வருடமாக நோய் என்ற அந்த ஒரு வரி முக்கியம். டிஸ்சார்ஜ் ஆகும்போது வண்டிக்குக் காத்திருக்கும் அரை மணி நேரத்தில் சம்மரியைப் படியுங்கள். பெயர், வயது, இடதா வலதா, எத்தனை வருடமாக நோய், எந்த மருந்துக்கு அலர்ஜி. தவறு இருந்தால் வார்டிலிருந்து இறங்குவதற்கு முன் திருத்தச் சொன்னால் பத்து நிமிட வேலை. இணையத்தில் ஏறிய பிறகு அந்தத் தவறும் நம்மோடு ஒவ்வொரு மருத்துவமனையாகப் பயணம் செய்யும். 2023-ல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் திருத்தம் கேட்கும் உரிமை இருக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது.

## எல்லாவற்றையும் இணைக்க வேண்டுமா?

வேண்டாம் என்பது என் கருத்து. பின்லாந்தில் ஒரு மனநல சிகிச்சை நிறுவனத்தின் பதிவுகளைத் திருடியவன், 2020-ல் நோயாளிகளுக்கே நேரடியாக மின்னஞ்சல் அனுப்பிப் பணம் கேட்டான். டாக்டரிடம் அழுது சொன்னதையெல்லாம் வெளியிடுவேன் என்று மிரட்டினான். சுமார் 33,000 பேரின் பதிவுகள் அவன் கையில் இருந்தன. நம் நாட்டில் 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் தாக்கப்பட்டு, ஏறக்குறைய இரண்டு வாரம் எல்லாவற்றையும் கையால் எழுதினார்கள். அன்று கையில் காகிதம் வைத்திருந்த நோயாளிக்குத்தான் டாக்டர் பழைய விவரத்தைப் பார்க்க முடிந்தது.

ஆனால் நம் வீடுகளில் பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் திருடனைவிட, வீட்டுக்குள் பகிர்ந்துகொள்ளும் போன்தான் பிரச்சினை. மனநல சிகிச்சை எடுக்கும் மருமகள், கருக்கலைப்பு செய்துகொண்ட பெண், எச்.ஐ.வி. மருந்து எடுப்பவர் ஆகியோருக்கு ரிப்போர்ட் அறிவிப்பு கணவரின் போனிலோ மாமியார் கையிலிருக்கும் போனிலோ வந்தால் என்ன ஆகும்? லேபில் "மொபைல் நம்பர்?" என்று கேட்கும்போது யோசித்துச் சொல்லுங்கள். இப்படிப்பட்ட சிகிச்சைப் பதிவுகளை ஆபாவில் இணைக்காமல் தனியாக வைத்துக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆபா முழுக்க விருப்பத்தின் பேரில்தான். மனநலப் பதிவைப் பார்க்கும் உரிமை 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. நோயாளிக்கே கடுமையான மனப் பாதிப்பு வரும் என்றாலோ மற்றவர்களுக்குத் தீங்கு நேரலாம் என்றாலோ மட்டும் குறிப்பிட்ட பகுதியைத் தர மறுக்கலாம்.

## யாருக்கு எது?

ஊரில் தனியாக இருக்கும் சுகர், பிரஷர் பெற்றோருக்குக் காகித ஃபைல்தான் அடிப்படை. அதோடு ஒரே ஒரு தாள். நோய்கள், எந்த வருடத்திலிருந்து, மாத்திரைகளின் பெயரும் அளவும், அலர்ஜி, ஸ்டென்ட் அல்லது பேஸ்மேக்கர் இருந்தால் அது, கடைசி கிரியேட்டினின், பிள்ளைகளின் எண்கள். ஃப்ரிட்ஜ் கதவில் ஒன்று, பர்ஸில் ஒன்று, போனின் பூட்டுத் திரையில் வரும் அவசரத் தகவலில் சுருக்கமாக ஒன்று. மாத்திரை மாறும்போதெல்லாம் தாளும் மாற வேண்டும். பழைய விவரம் உள்ள தாள், தாளே இல்லாததைவிட ஆபத்து.

இரண்டுக்கு மேற்பட்ட மருத்துவமனைகளில் பார்ப்பவர் ஆபா எடுப்பது நல்லது. முக்கியமாக சிறுநீரகம், இதயம், புற்றுநோய். ஆனால் டிரைவில் தேதி போட்ட கோப்புகளை நிறுத்திவிடாதீர்கள். புற்றுநோய் சிகிச்சையில் சதைப் பரிசோதனையின் ரிப்போர்ட் மட்டும் போதாது. இரண்டாவது கருத்துக்குப் போகும்போது எடுத்த சதையைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியையும் கண்ணாடிச் சில்லுகளையுமே கேட்பார்கள். அதை எந்தச் செயலியிலும் ஏற்ற முடியாது. எங்கே இருக்கிறது என்று எழுதி வையுங்கள்.

ஒரே மருத்துவமனையில் குறுகிய காலம் பார்ப்பவருக்கு, உதாரணமாக எலும்பு முறிவுக்கு, அந்த மருத்துவமனைச் செயலியே போதும். முடிந்ததும் எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். தமிழ்நாட்டில் கர்ப்பிணியாக இருந்தால், கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தரும் ஆர்.சி.எச். எண்ணை எல்லாவற்றிலும் எழுதி வையுங்கள். குழந்தையின் பிறப்புப் பதிவுக்கும் அதைக் கேட்பார்கள்.

அப்புறம் ஒன்று. நானும் தங்கையும் எதில் வைப்பது என்றே இவ்வளவு காலம் பேசிக்கொண்டிருந்தோம். அந்தத் திங்கள்கிழமை டாக்டரைப் பார்த்துவிட்டு வரும்போது ஆட்டோவில் அம்மா கேட்டார்: "கட்டி என் கழுத்துல. காயிதம் உங்க போன்லயா? இனிமே எனக்கு முதல்ல சொல்லுங்க." எங்கள் இருவருக்கும் பதில் வரவில்லை. இப்போது லேபில் அம்மாவின் எண்ணைத்தான் கொடுக்கிறோம். டிங் என்று சத்தம் வந்ததும் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் படிக்கிறார். புரியாத வரியை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்கிறார், டாக்டரிடம் கேட்பதற்கு. அதற்கு அப்புறம்தான் எங்களுக்கு அனுப்புகிறார்.